கம்பியும் காற்றும் சேருமிடத்தில் விலான் டேக்

ஒரே ஈதர்நெட் கேபிளில் பல வலையமைப்புகளை ஒன்றோடொன்று கலக்காமல் கொண்டு செல்ல விலான் டேக் பயன்படுகிறது; அப்படிப் பிரித்த ஒவ்வொரு வலையமைப்பும் ஒரு விலான், தரவு எந்த விலானுக்கு உரியது என்று காட்டும் எண் குறிதான் டேக். வலையமைப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கேபிள் முடிந்து வைஃபை தொடங்கும் இடத்தில் அந்த டேக்குக்கு என்ன நேர வேண்டும் என்று கேட்டால், அனுபவம் உள்ளவர்களிடமிருந்தே முரணான விடைகள் வருகின்றன. "காற்றில் டேக் போகவே போகாது" என்பார் ஒருவர். "பிரிட்ஜில் சேர்த்துவிட்டால் எல்லா விலானும் தானாகப் போய்விடும்" என்பார் இன்னொருவர் (பிரிட்ஜ் என்பது பல இடைமுகங்களை ஒரே வலையமைப்பாகச் சேர்க்கும் அமைப்பு). இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால், இரண்டையும் நம்பிச் செய்த அமைப்புகள் ஓரளவு வேலை செய்கின்றன. பிறகு ஒரு நாள், யாருக்கும் காரணம் புரியாத விதத்தில் நின்று போகின்றன.

சேலத்திலும் ஏற்காட்டிலும் இந்த வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில், இதை அணுகுவதற்கு எனக்குப் பயன்பட்ட ஒரே பிரிவினையைச் சொல்கிறேன். ஒரு வலையமைப்பில் காற்று இரண்டு வெவ்வேறு இடங்களில் நிற்கக்கூடும். கைபேசியும் மடிக்கணினியும் வந்து இணையும் ஓரமாக அது நிற்கலாம்; அல்லது இரண்டு கட்டடங்களில் உள்ள இரண்டு சுவிட்ச்களை (கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டிகளை) இணைக்கும் நடுவழியாக நிற்கலாம். ஓரமாக நிற்கும் காற்றில் டேக் ஒருபோதும் செல்லக் கூடாது. நடுவழியாக நிற்கும் காற்றில் டேக் ஒரு பிட் கூட மாறாமல் சென்று சேர வேண்டும். ஒரு பெட்டியைக் கையில் எடுக்கும்போதே அது இந்த இரண்டில் எந்த வேலைக்கு என்று முடிவு செய்துவிட்டால், மீதியுள்ள அமைப்பு விவரங்கள் பெரும்பாலும் அந்த முடிவிலிருந்தே வந்துவிடும்.

ஏற்காடு லூப் ரோட்டை ஒட்டிய ஒரு காப்பித் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அங்கே இரண்டு வகைக் காற்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மேட்டில் பங்களாவும் விருந்தினர் அறைகளும் உள்ளன; சரிவில் இறங்கினால் பழம் உரிக்கும் பல்ப்பர் கொட்டகை, காயவைக்கும் களம், குடோன், கணக்கர் அமரும் சிறிய அறை. இணைய இணைப்பு வருவது பங்களாவுக்கு. இடையில் உள்ள தூரம் செப்புக் கேபிளின் 100 மீட்டர் வரம்பைத் தாண்டுகிறது, மலையில் இடி விழும் மாதங்களில் நீண்ட செப்புக் கேபிளை வெட்டவெளியில் இழுப்பதும் நல்லதல்ல. ஆகவே 5 கிகாஹெர்ட்ஸில் இரண்டு சிறிய ஆன்டெனாக்கள், சில்வர் ஓக் மரங்களின் தலைக்கு மேலாக ஒன்றையொன்று பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளன. விலான் 10 கணக்குக்கு, 20 விருந்தினருக்கு, 30 கேமராக்களுக்கு, 99 சாதனங்களை நிர்வகிக்க. பங்களாவின் ஆக்சஸ் பாயின்ட்டில், அதாவது வைஃபையைத் தரும் பெட்டியில், காற்று ஓரமாக நிற்கிறது. இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவில் அது நடுவழியாக நிற்கிறது.

டேக் என்பது என்ன என்பதை அதன் பைட்டுகளிலேயே பார்த்துவிடுவது நல்லது. 1998இல் முதலில் வெளியான ஐஇஇஇ 802.1க்யூ தரத்தின் இன்றைய வடிவின்படி, ஈதர்நெட் ஃபிரேமில் (தரவைச் சுமக்கும் பொட்டலத்தில்) அனுப்புநரின் மேக் முகவரிக்கு (கருவியின் வன்பொருள் முகவரிக்கு) அடுத்தபடியாக நான்கு பைட்டுகள் செருகப்படுகின்றன. முதல் இரண்டு பைட்டுகள் பதினாறடிமானத்தில் 8100 என்ற அடையாள எண். அடுத்த இரண்டு பைட்டுகளில் மூன்று பிட்டுகள் முன்னுரிமைக்கு, ஒரு பிட் நெரிசலில் முதலில் கைவிடத்தக்கதா என்பதற்கு, மீதமுள்ள 12 பிட்டுகள் விலான் எண்ணுக்கு. 12 பிட்டில் 4096 மதிப்புகள் உண்டு. 0, 4095 ஆகிய இரண்டும் ஒதுக்கப்பட்டவை என்பதால் நமக்குக் கிடைப்பது 4094.

வைஃபை ஃபிரேமின் தலைப்பில் இந்த நான்கு பைட்டுகளுக்கென்று தனி இடம் இல்லை. "காற்றில் டேக் போகாது" என்ற பேச்சு இதிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் வைஃபை ஃபிரேமின் உள்ளடக்கம் எல்எல்சி, ஸ்நாப் என்ற சிறு தலைப்போடு தொடங்குகிறது. அதன் இறுதியில், உள்ளே இருப்பது என்ன வகைத் தரவு என்று சொல்லும் இரண்டு பைட் எண் இருக்கிறது. அந்த இடத்தில் 8100 என்று எழுதி, அதைத் தொடர்ந்து விலான் எண்ணை வைத்து அனுப்பினால், வானொலிப் பகுதி எந்தத் தடையும் சொல்லாமல் அதைக் கொண்டு போய்ச் சேர்க்கும். எனவே டேக் காற்றில் போகக்கூடியதுதான். போக வேண்டுமா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் ஓரத்துக் காற்று. இங்கே வழக்கமான முறை, ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் (கைபேசியில் தெரியும் வைஃபை பெயருக்கும்) ஒரு விலானை ஒதுக்குவது. ஆக்சஸ் பாயின்ட், பல விலான்களை டேக்கோடு சுமக்கும் ட்ரங்க் போர்ட்டில் இணைகிறது. விலான் 20இன் டேக்கோடு கேபிளில் வரும் ஃபிரேமின் டேக்கைக் கழற்றி விருந்தினர் எஸ்எஸ்ஐடியில் விடுகிறது. கைபேசியிலிருந்து வரும் ஃபிரேமுக்கு 20 என்ற டேக்கைப் பூட்டிக் கேபிளில் அனுப்புகிறது. கைபேசிக்கு விலான் என்று ஒன்று இருப்பதே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

கடையில் கிடைக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுகள் இதைத் தாமே ஒழுங்காகச் செய்கின்றன. லினக்ஸையோ, ரூட்டர்களுக்கான லினக்ஸ் வடிவமான ஓப்பன்டபிள்யூஆர்டியையோ கொண்டு நாமே அமைக்கும்போதுதான் கவனம் தேவைப்படுகிறது. லினக்ஸ் பிரிட்ஜில், எந்தப் போர்ட்டில் எந்த விலான் போகலாம் என்று வடிகட்டும் விலான் ஃபில்டரிங் என்ற வசதி 2013இல் வந்த 3.9 கெர்னலிலிருந்தே இருக்கிறது. ஆயினும் நாம் இயக்காதவரை அது அணைந்தே இருக்கும். அணைந்த நிலையில் பிரிட்ஜ் டேக்கைப் பார்ப்பதே இல்லை. ட்ரங்க்காக வரும் ஈதர்நெட் இடைமுகத்தையும் வைஃபை இடைமுகத்தையும் அப்படிப்பட்ட பிரிட்ஜில் போட்டால், கணக்கு விலானிலும் கேமரா விலானிலும் எழும் பிராட்காஸ்ட் (எல்லாருக்குமாக அனுப்பப்படும்) ஃபிரேம்கள் அனைத்தும் டேக்கோடு அப்படியே விருந்தினர் வைஃபையில் இறைக்கப்படும். கைபேசிகள் அவற்றைப் புரியாமல் தள்ளிவிடுவதால் யாரும் புகார் சொல்வதில்லை. ஆனால் மடிக்கணினியில் விலான் துணை இடைமுகம் ஒன்றை உருவாக்கத் தெரிந்த விருந்தினர், அறையில் அமர்ந்தபடியே 10 என்ற டேக்கோடு ஃபிரேம் அனுப்ப முடியும். பிரிட்ஜ் அதையும் எந்தக் கேள்வியும் இல்லாமல் ட்ரங்க்கில் ஏற்றிவிடும். பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் இந்தக் கதவு திறந்தே கிடக்கும். விலான் என்ற பெயரில் பிரித்து வைத்த ஒன்றை இப்படிச் சேர்த்துவிடுவதைவிட, பிரிக்காமலே இருந்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம், ஏனெனில் அப்போது உரிமையாளருக்கு இல்லாத பாதுகாப்பை நம்பும் நிலையாவது இருக்காது.

தீர்வு எளிது. விலான் ஃபில்டரிங்கை இயக்க வேண்டும். ஈதர்நெட் இடைமுகத்தில் தேவையான விலான்களை மட்டும் டேக்கோடு அனுமதிக்க வேண்டும். ஒவ்வொரு வைஃபை இடைமுகத்திலும் ஒரே ஒரு விலானை மட்டும், பிவிஐடியாகவும் (டேக் இன்றி வருபவற்றுக்குத் தரும் எண்ணாகவும்) டேக் அற்றதாகவும் வைக்க வேண்டும். இயல்பாகவே ஒவ்வொரு போர்ட்டிலும் வந்து ஒட்டிக்கொள்ளும் விலான் 1ஐ எடுத்துவிட வேண்டும். பிரிட்ஜ் சாதனத்துக்கே ஐபி முகவரி வேண்டுமென்றால், அந்த விலானில் பிரிட்ஜையும் ஓர் உறுப்பாகச் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் கைபேசிகளுக்கு எல்லாம் சரியாக இருக்கும், ஆக்சஸ் பாயின்ட் மட்டும் நிர்வாகிக்கு எட்டாமல் போகும். ஃபில்டரிங் இல்லாத பழைய முறையில், விலானுக்கு ஒரு துணை இடைமுகம், அதற்கு ஒரு தனி பிரிட்ஜ் என்று அமைப்பதும் சரியான முறைதான். ஆனால் அப்போது மூல ஈதர்நெட் இடைமுகத்தையும் இன்னொரு பிரிட்ஜில் சேர்த்து வைக்கக் கூடாது. துணை இடைமுகம் உருவானதும் அந்த எண்ணுள்ள ஃபிரேம்களை அதுவே முதலில் எடுத்துக்கொள்ளும். மூல இடைமுகத்தின் பிரிட்ஜில் அவை வந்து சேர்வதில்லை. எங்கோ மறைந்துவிட்ட ஃபிரேம்களைத் தேடி மணிக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

பாதுகாப்பைத் தவிர இதில் காற்றின் நேரமும் அடங்கியிருக்கிறது. வைஃபையில் பிராட்காஸ்டும், ஒரு குழுவுக்கு அனுப்பும் மல்டிகாஸ்டும் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதால் குறைந்த அடிப்படை வேகத்தில் அனுப்பப்படுகின்றன, 2.4 கிகாஹெர்ட்ஸில் பல ஆக்சஸ் பாயின்ட்டுகளில் அது நொடிக்கு 1 மெகாபிட். 1500 பைட்டுள்ள ஒரு ஃபிரேம் என்பது 12,000 பிட்டுகள். 1 மெகாபிட் வேகத்தில் அது காற்றை 12 மில்லி நொடிகள் பிடித்துக்கொள்கிறது. நொடிக்கு எண்பத்துச் சொச்சம் ஃபிரேம்கள் இப்படி வந்தாலே அந்தச் சேனலில் வேறு எவருக்கும் இடமில்லை. கேபிளில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுள்ள மல்டிகாஸ்ட், வைஃபையை முற்றிலும் முடக்கிவிட முடியும். மல்டிகாஸ்டாகப் படம் அனுப்பும்படி அமைந்த ஒரே ஒரு கேமரா, ஃபில்டரிங் இல்லாத பிரிட்ஜ் வழியாகக் கசிந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

இதே காரணத்தால் விலானுக்கு ஒரு எஸ்எஸ்ஐடி என்று கூட்டிக்கொண்டே போவதையும் நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியும் வழக்கமாக 102.4 மில்லி நொடிக்கு ஒரு முறை தன் இருப்பைச் சொல்லும் பீக்கனை, அதே குறைந்த வேகத்தில் அனுப்புகிறது. மூன்று, நான்கு வரை பரவாயில்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால் ஒரே எஸ்எஸ்ஐடியில் ஆளுக்கேற்ப விலானை ஒதுக்கும் முறைக்குப் போய்விடலாம். ரேடியஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு சர்வர், உள்ளே வருபவரை அடையாளம் கண்டு, டனல் டைப் 13, டனல் மீடியம் டைப் 6, இவற்றோடு விலான் எண் ஆகிய மூன்றையும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அனுப்பும்; 2003இல் வந்த ஆர்எஃப்சி 3580 என்ற ஆவணம் இதை விளக்குகிறது. லினக்ஸில் ஆக்சஸ் பாயின்ட் வேலையைச் செய்யும் மென்பொருளான ஹோஸ்ட்ஏபிடி அந்தந்த விலானுக்குத் தனி இடைமுகத்தை உருவாக்கி அதற்குரிய பிரிட்ஜில் சேர்த்துக்கொள்ளும்.

இந்த முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். வைஃபையில் ஒவ்வொரு கைபேசிக்கும் தனிச் சாவி உண்டு, ஆனால் பிராட்காஸ்டுக்கு எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் குழுச் சாவி ஒன்று உண்டு. ஒரே எஸ்எஸ்ஐடியில் இருவர் இரு விலான்களில் இருந்தும் குழுச் சாவி ஒன்றாகவே இருந்தால், விலான் 20இன் பிராட்காஸ்டை விலான் 10இல் உள்ளவரின் கருவியும் திறந்து படித்துவிடும், ஏனெனில் காற்றில் டேக் இல்லை. அவரைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. புதிய முகவரி முறையான ஐபிவி6 இயங்கும் இடங்களில் இதன் விளைவு உடனே கண்ணில் படும்: ரூட்டர்கள் அனுப்பும் அறிவிப்பு மல்டிகாஸ்டாகச் செல்வதால், ஒரே மடிக்கணினி இரண்டு விலான்களின் முகவரிகளையும் எடுத்துக்கொண்டு, சில தளங்கள் திறந்தும் சில திறக்காமலும் தடுமாறும். விலானுக்கு விலான் தனிக் குழுச் சாவி கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட்டைத்தான் இந்த முறைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹோஸ்ட்ஏபிடி அப்படிச் செய்கிறது. மற்றவற்றில், மல்டிகாஸ்டை ஆளுக்கு ஆள் யூனிகாஸ்டாக மாற்றி அனுப்பும் வசதி இருந்தால் அதுவும் உதவும்.

இனி நடுவழிக் காற்று. இங்கே டேக்குக்கு முன்பாகவே வேறொரு தடை வந்து நிற்கிறது. சாதாரண வைஃபையில் கைபேசி ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அனுப்பும் ஃபிரேமில் மூன்று முகவரிகள்தான் இருக்கும்: பெறும் ஆக்சஸ் பாயின்ட், அனுப்பும் கைபேசி, இறுதியில் சேர வேண்டிய இடம். காற்றில் அனுப்புபவரும் தரவின் மூல உரிமையாளரும் ஒருவரே என்று இந்த அமைப்பு எடுத்துக்கொள்கிறது. பல்ப்பர் கொட்டகையின் ஆன்டெனா தனக்குப் பின்னால் சுவிட்ச்சில் இருக்கும் கேமராவின் ஃபிரேமை அனுப்ப விரும்பினால், கேமராவின் மேக் முகவரியை எழுத அதில் இடமில்லை. தன் முகவரிக்குப் பதிலாகக் கேமராவின் முகவரியை எழுதினால், தன்னிடம் இணையாத ஒன்றிடமிருந்து வந்ததாக மேல்முனை அதைத் தள்ளிவிடும். இதனால்தான், ஸ்டேஷனாக (ஆக்சஸ் பாயின்ட்டில் இணையும் கருவியாக) இயங்கும் வைஃபை இடைமுகத்தை பிரிட்ஜில் சேர்க்க முயன்றால், அந்தச் செயலுக்கு ஆதரவில்லை என்று லினக்ஸ் மறுத்துவிடுகிறது.

மேக் முகவரியை வழியிலேயே மாற்றி எழுதும் போலி பிரிட்ஜ் முறைகள் உண்டு. மைக்ரோடிக் நிறுவனத்தின் பெட்டிகளில் ஸ்டேஷன் சூடோபிரிட்ஜ் என்று ஒன்று இருக்கிறது. ஒற்றைக் கணினிக்கு அவை போதுமானவை. விலான் டேக்குகளைச் சுமக்க வேண்டிய இணைப்புக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். நமக்கு வேண்டியது நான்கு முகவரி முறை, அதாவது டபிள்யூடிஎஸ். காற்றில் பெறுபவர், காற்றில் அனுப்புபவர், இறுதியாகச் சேருமிடம், மூல இடம் ஆகிய நான்கும் தனித்தனியாக எழுதப்படுவதால், பின்னால் எத்தனை கருவிகள் இருந்தாலும் அவற்றின் முகவரிகள் மாறாமல் செல்லும், டேக்கும் உள்ளடக்கத்தோடு சேர்ந்து செல்லும். நான்கு முகவரி ஃபிரேமின் வடிவம் தரத்தில் இருந்தாலும் அதைப் பயன்படுத்தும் நடைமுறை நெடுங்காலம் முழுமையாக வகுக்கப்படாததால், ஒரு நிறுவனத்தின் டபிள்யூடிஎஸ் இன்னொன்றோடு பேசும் என்று நம்பி வாங்கக் கூடாது. இரு முனைகளுக்கும் ஒரே தயாரிப்பை வாங்குவதே பாதுகாப்பானது. வைஃபை இணைப்பை பிரிட்ஜுக்கு உகந்த முழு இணைப்பாக்கும் 802.11ஏகே என்ற திருத்தம் 2018இல் வெளிவந்தது. ஆயினும் நான் கையாளும் பெட்டிகளில் இன்றும் டபிள்யூடிஎஸ்தான்.

ஹோஸ்ட்ஏபிடியில் நான்கு முகவரி முறையை இயக்கினால், எதிர்முனை இணையும்போதெல்லாம் அதற்கென ஓர் இடைமுகம் புதிதாக உருவாகி பிரிட்ஜில் சேர்கிறது. இணைப்பு அறுந்தால் அது நீக்கப்படுகிறது. அந்த இடைமுகத்தில் நாம் கையால் சேர்த்த 10, 20, 30, 99 என்ற பட்டியலும் அதோடு போய்விடும். மலையில் மின்சாரம் போய் வந்ததும் இணைப்பு மீண்டும் வரும், சிக்னலும் நன்றாகக் காட்டும், ஆனால் விலான் 1ஐத் தவிர எதுவும் செல்லாது. இடைமுகம் உருவாகும் ஒவ்வொரு முறையும் விலான்களைச் சேர்க்கும் ஸ்கிரிப்ட் எழுதலாம். ஆனால் நான் விரும்புவது வேறு வழி: ஆன்டெனாப் பெட்டிக்கு இருப்பவை கேபிள், காற்று என்ற இரண்டு பக்கங்கள்தான் என்பதால், அதன் பிரிட்ஜில் ஃபில்டரிங்கையே இயக்காமல், வந்த டேக்கை அப்படியே கடத்தும்படி விட்டுவிடலாம். எந்த விலான் போகலாம் என்ற முடிவு இரு முனைகளிலும் உள்ள மேனேஜ்டு (விலான்களை அமைக்கக்கூடிய) சுவிட்ச்சின் போர்ட்டில் எடுக்கப்படட்டும். ஓரத்தில் ஆபத்தாக இருந்த அதே அமைப்பு இங்கே சரியானதாகிறது, ஏனெனில் இந்தக் காற்றில் விருந்தினர் எவரும் வந்து இணைவதில்லை. விருந்தினர் விலான் கீழே தேவையில்லை என்றால் சுவிட்ச்சிலேயே அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் பிராட்காஸ்டும் காற்றில் ஏறும்.

இவ்வளவும் சரியாக இருந்த பின் கொட்டகையின் கணக்கர் அழைத்தார். "சார், வாட்ஸ்அப்ல மெசேஜ் போகுதுங்க, ஆனா பில்லு போடுற பக்கம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்குதுங்க" என்றார். "கம்ப்யூட்டர ஆன் பண்ணியே வைங்கண்ணா, நான் இங்கிருந்தே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கணினியிலிருந்து பங்களா ரூட்டருக்கு, துண்டாக்கக் கூடாது என்ற குறிப்போடு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்பிப் பார்த்தேன். 1468 பைட் வரை பதில் வந்தது, 1472க்கு வரவில்லை. கணக்கு அங்கேயே விடை சொல்லிவிடுகிறது: 1472 பைட்டோடு ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்ந்தால் 1500; ஈதர்நெட் தலைப்பும் சரிபார்ப்பு எண்ணும் 18 சேர்ந்தால் 1518; டேக் 4 சேர்ந்தால் 1522. 1468 என்றால் டேக்கோடு சேர்த்துச் சரியாக 1518. வழியில் ஏதோ ஒன்று, டேக் வருவதற்கு முந்தைய காலத்து வரம்பான 1518ஐத் தாண்டிய ஃபிரேமைச் சத்தமில்லாமல் கைவிடுகிறது. சிறு செய்திகள் போகும், முழு அளவுப் பாக்கெட்டுகள் போகாது. தொலைவில் உள்ள சர்வருக்கு இதை யாரும் அறிவிப்பதும் இல்லை.

இத்தகைய நேரத்தில் எல்லாரும் முதலில் சந்தேகிப்பது காற்றை. ஆனால் வைஃபை ஃபிரேமின் உள்ளடக்கம் 2304 பைட் வரை இருக்கலாம் என்பதால் நான்கு பைட் அங்கே பொருட்டே அல்ல. ஆன்டெனாவுக்கும் மேனேஜ்டு சுவிட்ச்சுக்கும் இடையில், போர்ட் போதவில்லை என்று யாரோ செருகியிருந்த பழைய ஐந்து போர்ட் சுவிட்ச்தான் காரணம். அதை எடுத்ததும் 1472 சென்றது. விலான் இணைப்பு எதை முடித்தாலும் ஒவ்வொரு விலானிலும் இந்த 1472 சோதனையைச் செய்துவிடுவது நல்லது. டேக் உண்மையில் செல்கிறதா என்பதை இரு முனைகளிலும், செல்லும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் இணைப்புத் தலைப்பையும் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

முன்னுரிமை பிட்டுகளைப் பற்றி ஒன்று. ட்ரங்க்கில் டேக்கோடு வரும் மூன்று பிட்டுகளைக் கொண்டு வைஃபையின் நான்கு வரிசைகளில் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட் தேர்ந்தெடுக்கலாம்: 1, 2 பின்னணிக்கு, 0, 3 வழக்கமானவற்றுக்கு, 4, 5 காணொளிக்கு, 6, 7 குரலுக்கு. டேக் கழன்ற பின் வைஃபைக்கு வந்தால் ஐபி தலைப்பின் டிஎஸ்சிபி என்ற முன்னுரிமை மதிப்பு மட்டுமே வழிகாட்டும். எனவே தோட்டத்தில் ஐபி தொலைபேசி வைப்பவர்கள், தொலைபேசியிலேயே டிஎஸ்சிபியையும் சேர்த்து அமைத்துவிட வேண்டும்.

நிர்வாக விலானை இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்ற நேர்ந்தால், முதலில் இரு சுவிட்ச்களிலும் புதிய எண்ணை அனுமதித்துவிட்டு, பிறகு தொலைவில் உள்ள பெட்டியை மாற்றி, அது புதிய விலானில் பதில் சொல்வதைப் பார்த்த பின்பே அருகில் உள்ளதை மாற்றுங்கள். பழைய எண்ணை இரண்டும் மாறிய பிறகு எடுத்தால் போதும்.